மார்கழியில் கிளம்பிப் போன வீடுகள்

மதுரையில் சுவரைப் படித்துச் சோறு தின்ற ஒருத்தன் இருந்தான். பெயர் கோட்டைச்சாமி, வீட்டுத் தரகன். ஊரெல்லாம் காலையில் டீ குடித்துக்கொண்டே பேப்பர் பார்க்கும், அவன் பேப்பர் பக்கமே போக மாட்டான். சைக்கிள் போய் மொபெட் வந்து, மொபெட் போய் பைக் வந்த பிறகும் கீழமாசி வீதியில் ஆரம்பித்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை ஒன்று விடாமல் படிப்பான். செத்தவர் மேல் அவனுக்கு வருத்தமும் கிடையாது, வன்மமும் கிடையாது. போட்டோவுக்குக் கீழே பிள்ளைகள் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பான். எல்லாப் பெயரும் ஒரே போஸ்டரில் இருந்தால் வண்டியைக் கிளப்பிவிடுவான், அது ஒற்றுமையான குடும்பம், சொத்து விலைக்கு வராது. மூத்தவன் தனிப் போஸ்டர், இளையவன் தனிப் போஸ்டர் என்று இருந்தாலோ, கூடப் பிறந்த ஒருத்தன் பெயரே விட்டுப்போயிருந்தாலோ, வண்டியை ஓரங்கட்டிப் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லி உட்கார்ந்துவிடுவான். சண்டை உள்ள வீட்டில் எவனுக்கும் பேரம் பேசப் பொறுமை இருக்காது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பிரிந்து போகத்தான் பார்ப்பான்.

தனி வீட்டை அவன் மதிப்பதே இல்லை. தனி வீட்டை வாங்கி வாடகைக்கு விடுகிறவன் ஒரே ஒரு குடித்தனக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு வாசலுக்குள் வரிசையாக எட்டு வீடு உள்ள காம்பவுண்டு என்றால் ரெண்டு பேர் மூக்கால் அழுதாலும் மிச்ச ஆறு பேர் கொடுத்துவிடுவார்கள் என்பான். அதையும் ஆள் குடியிருக்கும்போதே வாங்க வேண்டும், ஏனென்றால் குடியிருப்பவர்களைக் கிளப்புவது பெரும்பாடு என்று பயந்து மற்றவன் ஒதுங்கிவிடுவான். அதையும் ஆடியில் வாங்க வேண்டும், ஏனென்றால் ஆடியில் எவனும் பத்திரத்தைத் தொட மாட்டான், போட்டிக்கு ஆளே இருக்காது. மாசம் என்பது காலண்டர்காரன் அச்சடிக்கிற தாள், அதற்குப் பயந்தவன் என்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருப்பான் என்று அவன் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பைத்தான் பின்னால் அவன் நினைத்து நினைத்து மருகினான்.

அவனுடைய அக்கா அங்கம்மா வாடகை வீட்டில்தான் இருந்தாள். தெற்குவெளி வீதிக்குப் பின்னால், ஒரு காலத்தில் பெருங்காய வியாபாரி ஒருத்தர் கட்டிய காம்பவுண்டு, பெயரே பெருங்காயக் காம்பவுண்டு, மழை பெய்தால் இன்னமும் சுவரில் அந்த வாசம் வரும். அதில் ஆறாவது வீடு அவளுடையது. அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, பால்பல் விழாத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அந்த ஆறாம் வீட்டில் பால் காய்ச்சியவள், சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து அவனை வளர்த்தாள், அவனுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று இருந்ததில் அவள் கல்யாணத்தைப் பற்றி எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவளும் மறந்துவிட்டாள். அந்த வீட்டு ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருக்கும். சின்ன வயசில் கோட்டைச்சாமி அதில் தலையை விட்டு மாட்டிக்கொண்டு அலற, முதல் வீட்டுக்காரர் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்ததில் வளைந்தது. கல்யாணமாகி அண்ணா நகரில் சொந்த வீட்டுக்குப் போன பிறகு அவன் கூப்பிட்டும் அக்கா வரவில்லை. அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அக்கா ஆயுசெல்லாம் வாடகை கொடுத்த வீட்டுக்கு அக்காவையே சொந்தக்காரி ஆக்கிவிட வேண்டும்.

அப்படியிருக்கும்போது ஒரு ஆனி மாசக் கடைசியில் பெருங்காய வியாபாரியின் பேரன் காலமானார், ரெண்டு மகன்களும் ரெண்டு போஸ்டர் அடித்தார்கள். ஆடி பிறந்த மறுவாரமே கோட்டைச்சாமி பத்திரம் முடித்துவிட்டான். கையில் இருந்ததையும் பொண்டாட்டி கழுத்தில் இருந்ததையும் சேர்த்துத்தான் போட்டான், ஆனாலும் அப்பேர்ப்பட்ட விலைக்கு மதுரையில் யாருக்கும் எட்டு வீடு அமைந்ததில்லை என்று தரகர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். காம்பவுண்டில் பாயசம் வைத்தார்கள். நம்ம கோட்டைதானே வாங்கியிருக்கான், இனி எவன் நம்மைக் கிளப்புவான் என்று எட்டு வீட்டிலும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கோட்டைச்சாமி கணக்குப் போட்டான். தை பிறந்தால் ஊரே வீடு தேடி அலையும். அதற்குள் எட்டு வீட்டுக்கும் தரை போட்டு, வெள்ளையடித்து, உள்ளேயே குளியலறை வைத்துவிட்டால் வாடகை மூன்று மடங்கு. அப்படியென்றால் மார்கழி முழுக்க வீடு காலியாக இருக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். மதுரையில் மார்கழியில் எந்தக் கல்நெஞ்சக்கார வீட்டுக்காரனும் குடித்தனக்காரனைக் காலி பண்ணச் சொல்ல மாட்டான், சொன்னாலும் போக்கிடம் கிடையாது, ஏனென்றால் எந்த வீட்டுக்காரனும் மார்கழியில் தன் வீட்டில் புதுசாகப் பால் காய்ச்ச விட மாட்டான். இது கோட்டைச்சாமிக்குத் தெரியாததா என்ன. தெரிந்தேதான் சொன்னான்.

அன்றைக்குச் சாயங்காலம் அங்கம்மா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அவன் முந்திக்கொண்டு, உனக்கு ஒன்றும் இல்லைக்கா, ஒரு மாசம் நம்ம வீட்டில் வந்து இரு, வெள்ளையடித்ததும் ஆறாம் வீட்டை உன் பேருக்கே எழுதி வைக்கிறேன் என்று, இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்ததைப் போட்டு உடைத்தான். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் பேசினாள்.

"எனக்குன்னு நீ ஒண்ணும் எழுத வேணாம்டா கோட்டை. தை பிறக்கிற வரைக்கும் இவங்களை இருக்க விடு. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"ஒரு மாசம் விட்டா ஒரு வருச வாடகை போச்சுக்கா," என்றான் அவன். "அடுத்த தடவை நீ சொல்றபடி செய்றேன்."

உண்மையாகவே அவள் அதுவரை அவனிடம் எதையும் கேட்டதில்லை, அது அவனுக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது, உறைத்தும் அவன் வண்டியைத் திருப்பவில்லை.

மார்கழி ஒன்றாம் தேதி முதல் வீட்டு மலைராசன் கிளம்பினான். கடப்பாரை போட்டு நெம்பியவரின் மகன், ஆட்டோ ஓட்டுகிறவன், கோட்டைச்சாமியோடு அதே குழாயடியில் குளித்து வளர்ந்தவன். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, போகிற இடத்துக்குப் போகிறோம்ணே என்றான். கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றி, பொண்டாட்டி பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி, அவன் தெருமுனை திரும்பிய அரைமணி நேரத்தில், வெள்ளையடிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு கோட்டைச்சாமி உள்ளே வந்தால் முதல் வீடு இல்லை. இடிந்து கிடக்கவில்லை, பள்ளமும் இல்லை. கேட்டை ஒட்டி ரெண்டாம் வீடு நின்றது, ஆதியிலிருந்தே அங்கேதான் நின்றதைப் போல. வெள்ளையடிக்க வந்த ஆட்கள் கேட்டை ஒட்டி இருந்த வீட்டைக் காணோமே என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, அப்படியென்றால் சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சமாகும் என்று ரெண்டாம் வீட்டைச் சுரண்ட ஆரம்பித்தார்கள்.

முதல் வீடு மறுநாள் செல்லூரில் இருந்தது. ஒரு சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் பொதுச் சுவர் ஒன்றுதான், ஒரு ஊசி நுழையாது, அந்தச் சுவருக்கு உள்ளேயே இடம் பண்ணிக்கொண்டு, அதே நீலக் கதவும் வாசல்படியில் மலைராசன் பொண்டாட்டி போட்ட கோலமுமாக வீடு நின்றது. மாவு மில்காரர் வந்து பார்த்தார், தன் கடை ஒரு அடியும் குறையவில்லை என்று அளந்து தெரிந்துகொண்டதும், மில் ஓடும்போது தூசி பறக்கும், துணியை மாடியில் காயப் போடும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். இடம் யாருக்குச் சொந்தம் என்று சிலர் கேட்டார்கள். ரெண்டு கடைக்கும் நடுவில் இடமே கிடையாது, இல்லாத இடத்துக்கு யார் சொந்தம் கொண்டாடுவது என்று கேள்வியும் அடங்கிவிட்டது. கரண்டு ஆபீஸ்காரர் மீட்டரைப் பார்த்தார், அது ஓடிக்கொண்டிருந்தது, குறித்துக்கொண்டு போனார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ரெண்டாம் வீடு ஆரப்பாளையத்துக்கு, மூன்றாம் வீடு ஆஸ்பத்திரிப் பக்கம், நாலாம் வீட்டுக்காரி தன் மகள் வீட்டுக்குப் போக, வீடும் கூடவே போய் மகள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐந்தாம் வீட்டுத் தையல்காரர் சிக்கந்தர் பாய்க்கு மார்கழியும் ஒன்றுதான் சித்திரையும் ஒன்றுதான், ஆனாலும் அவர் வீடும் போயிற்று, வீட்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. டீக்கடைகளில் இதைப் பேசித் தீர்த்தார்கள். இதில் என்ன அதிசயம் இருக்கிறது, மார்கழியில் வீடு மாறக் கூடாது, அவர்கள் மாறவில்லை, அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், வீடுதான் இடம் மாறியிருக்கிறது, அதில் ஒரு குற்றமும் இல்லை என்று ஒரு ஜோசியர் பஞ்சாங்கத்தைத் தட்டிச் சொன்னதும் ஊருக்கே மனசு ஆறிவிட்டது. வாடகை வீட்டுக்காரர்களுக்கெல்லாம் ஒரு மிடுக்கு வந்தது. சொந்த வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களை வாங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுங்க என்றார்கள், ஒழுகிய ஓடுகளையெல்லாம் கேட்காமலே மாற்றினார்கள். புதூரில் ஒரு ஆள் தன் வீட்டைச் சங்கிலி போட்டுக் கரண்டு கம்பத்தோடு கட்டிப் பூட்டினான், அவன் வீடு போகவில்லை, கம்பம் போய்விட்டது. கோட்டைச்சாமி பத்திர ஆபீஸுக்கு ஓடினான். பத்திரத்தில் எட்டு வீடு என்று இருக்கிறது, ஆகவே உங்களுக்கு எட்டு வீடு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது எங்கள் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாக அங்கம்மா கிளம்பினாள். ஏழாம் வீடும் எட்டாம் வீடும் போன பிறகும் அவள் மட்டும் இருந்தாள், கேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் அந்த ஒரே வீடு. இவள் போக மாட்டாள், நம்ம அக்கா அல்லவா என்று கோட்டைச்சாமி நினைத்தான். அவள் ஒரு வண்டியும் பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து, துணிப்பையும் குடையுமாக வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எங்கேக்கா போறே என்று அவன் பின்னாலேயே ஓடினான். "இவங்க எல்லாம் போனப்புறம் நான் மட்டும் இருந்தா அது நல்லா இருக்காதுடா" என்றாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளைத் தடுப்பதா, வீட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் அவன் திரும்பி வீட்டைப் பார்த்தான். அந்த ஒரு திரும்பல்தான் அவன் செய்த பிழை, வீடும் இல்லை, தெருவைப் பார்த்தால் அக்காவும் இல்லை. கேட்டைத் திறந்தால் ரெண்டடியில் பின்சுவர் முகத்தில் இடித்தது, நடுவில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவன் ஆடியில் மலிவாக வாங்கிய சொத்து.

மற்ற ஏழு வீட்டையும் அவன் சுலபமாகக் கண்டுபிடித்தான், ஆறாம் வீடு மட்டும் கிடைக்கவில்லை. மதுரையில் எந்தச் சந்தில் எந்த வீடு விலைக்கு வரும் என்று தூக்கத்தில் சொல்கிறவன், தன் அக்கா வீட்டைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தான். செல்லூருக்குப் போனால் மலைராசன் காப்பி கொடுத்து, அக்கா நல்லா இருக்காங்கண்ணே என்பான், எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டான். சிக்கந்தர் பாய், அவளே கூப்பிடுவா தம்பி, பொறுங்க என்றார். தரகுத் தொழில் படுத்துவிட்டது. காலையில் போஸ்டர் பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை, ஆனால் இப்போது ஒவ்வொரு போஸ்டரிலும் முதலில் முகத்தைப் பார்த்தான், வேறு யாருடைய முகமாவது இருந்தால் அப்பாடா என்று மூச்சு விட்டான். செத்தவர்களைப் பார்த்து நிம்மதிப்படுகிற பிழைப்பாகிவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டான். வருஷம் ஓடி அடுத்த மார்கழியும் வந்துவிட்டது.

மார்கழி பாதியில், தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு பாத்திரக்கடைக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் நடுவில், வளைந்த கம்பியை முதலில் பார்த்தான். அப்புறம் ஜன்னலை, அப்புறம் அதற்குப் பின்னால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிட்டேன்க்கா, கதவைத் திற, உன் காலில் விழணும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தான். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வளைந்த கம்பிக்கு மேலே அவன் தலையைத் தடவினாள்.

"மார்கழியில புதுசா ஒரு வாசல்ல காலெடுத்து வைக்கக் கூடாதுடா," என்றாள். "தை பிறக்கட்டும். வந்து நீயே பால் காய்ச்சு."

மாசத்தை மதிக்காத மனுஷன், வாழ்க்கையில் முதல் தடவையாக மார்கழியை மதித்தான். தினமும் தெருமுனை வரை போய், ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினான். பால் காய்ச்சப் புதுப் பானை வாங்கினான், கல் உப்பும் மஞ்சளும் வாங்கினான், அக்காவுக்கு ஒரு சேலையும் எடுத்து வைத்தான். பொண்டாட்டி கேலி செய்தாள், அவன் சிரித்துக்கொண்டான்.

மார்கழியின் கடைசி நாள், போகி. டயர் எரிந்த புகை இன்னும் தெருவில் இருந்தது. கரும்பு வாங்கக் கிளம்பியவன், டீக்கடைச் சுவரில் பசை வழிய ஒட்டியிருந்த போஸ்டரில் அக்காவைப் பார்த்தான். சத்துணவுக் கூட அடையாள அட்டையில் இருக்கும் அதே போட்டோ. கீழே, கண்ணீருடன் என்று போட்டு, மலைராசன் குடும்பத்தார், சிக்கந்தர் பாய் குடும்பத்தார் என்று வரிசையாக ஏழு வீட்டுப் பெயரும் இருந்தது. அவன் மறுபடி மேலிருந்து படித்தான். பக்கத்தில் டீயோடு நின்ற பிச்சைமணி என்கிற கிழட்டுத் தரகர், சுவரைப் பார்த்தபடியே, தொழில்காரனிடம் பேசுகிற பேச்சாக அவனிடம் சொன்னார்.

"கூடப் பிறந்த தம்பி ஒருத்தன் உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். பேரைக் காணோம் பாத்தியா. வீடு மலிவா வரும் கோட்டை, போய்ப் பேசிப் பாக்கலாமா?"

எத்தனை போஸ்டரில் எத்தனை பெயர் விட்டுப்போனதைப் பார்த்துக் கோட்டைச்சாமி உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். வீட்டுக்கு ஓடி அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு, தெப்பக்குளத்துக்குப் போனான். ஏழு வீடுகளும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து, ஆறாம் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய வரிசைப்படியே நின்றன, தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் பஸ்ஸையெல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார் போலீஸ்காரர். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. கோட்டைச்சாமி வாசல்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டான். உள்ளே தலைமாட்டில் விளக்கு எரிவது தெரிந்தது, அக்காவின் பாதம் தெரிந்தது.

மலைராசன் வெளியே வந்தான். "உள்ள வாங்கண்ணே. சாவு வீட்டுக்கு மாசம் கிடையாது."

"அக்கா தை பிறந்துதான் வரச் சொன்னா," என்றான் கோட்டைச்சாமி.

மலைராசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் கேட்ட ஒன்றை அவன் செய்யவில்லை, சொன்ன ஒன்றையாவது மீறக் கூடாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது, தோன்றியது சரியா தப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. பிறந்த வீட்டுக் கோடியாக அந்தச் சேலையை வாசலுக்கு வெளியே நின்றே நீட்டினான். சிக்கந்தர் பாய் வாங்கிக்கொண்டு போய்ப் போர்த்தினார். மதியம் எடுத்தார்கள். மலைராசனே கொள்ளிச் சட்டி பிடித்தான். ஒவ்வொரு வீடாகப் பாடைக்குப் பின்னால் கிளம்பிப் போயிற்று, கடைசியாக ஆறாம் வீடு, வளைந்த கம்பியோடு. கோட்டைச்சாமி எல்லோருக்கும் பின்னால் நடந்தான்.

மறுநாள் தை பிறந்தது. ஊரெல்லாம் வாசலில் பானை வைத்துக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் தெப்பக்குளத்துக்குத் தெற்கே வந்து சேர்ந்தான். பாத்திரக்கடையும் பள்ளிக்கூடமும் ஒரே சுவராக ஒட்டிக்கொண்டு நின்றன. அந்தச் சுவருக்கு முன்னால் மூன்று செங்கலை வைத்து, புதுப் பானையை ஏற்றி, பாலை ஊற்றித் தீ மூட்டினான். போகிறவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பால் பொங்கி நுரைத்து வழிந்து, மண்ணில் இறங்கி, சுவர் ஓரமாக ஓடியது. உள்ளே போக அதற்கு ஒரு வாசல் இல்லை.